வெளிநாட்டு ஃபிளைட் ரத்தாகுமோ என்ற பயமா? கிளம்பும் முன் இதையெல்லாம் செய்துவையுங்கள்

நவம்பர் கடைசியில் சென்னையிலிருந்து தோஹா வழியாகப் பாரிஸ் போக டிக்கெட் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வெளிநாட்டுப் பயணம். விசா கைக்கு வந்தாயிற்று, பெட்டியும் வாங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று டிவியில் ஓடும். இல்லையென்றால் வளைகுடாப் பக்கம் வான்வெளியை மூடிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும்.

இரண்டுமே நடந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்கும் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாள் கணக்கில் மூடிக் கிடந்ததால், சில விமானங்களை அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து இயக்கினார்கள். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. தோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின, குழப்பம் மறுநாளும் நீடித்தது.

இதில் நம் கையில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. பாதி வேலை டிக்கெட் போடும்போதே முடிந்துவிடும். மீதிப் பாதி, பதற்றத்தில் நாமாக எதையும் ரத்து செய்யாமல் இருப்பது. பயணத்தை யார் முதலில் கைவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பணம் யார் பையில் இருக்கும் என்பது தீர்மானமாகும்.

படி 1: எல்லாம் ஒரே டிக்கெட்டா?

இ-டிக்கெட்டைத் திறந்து பாருங்கள். மேலே ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பி.என்.ஆர். இருக்கும். கீழே 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டைக் கொடுத்த விமான நிறுவனத்தின் குறியீடு (157 என்றால் கத்தார் ஏர்வேஸ், 176 என்றால் எமிரேட்ஸ்). சென்னை–தோஹா, தோஹா–பாரிஸ் இரண்டும் ஒரே டிக்கெட் எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களைப் பாரிஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு.

மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்று சென்னை–டெல்லி ஒரு நிறுவனத்திலும், டெல்லி–பாரிஸ் இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியாகப் போட்டிருந்தால் கதை வேறு. டெல்லி மூடுபனியில் முதல் விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். போன காசு போனதுதான். முதல் முறை போகிறவர்களுக்கு இந்தத் தனித்தனி டிக்கெட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 2: டிக்கெட்டில் யாருடைய போன் நம்பர்?

ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட்டில் பல நேரம் ஏஜென்டின் நம்பரும் மெயிலும்தான் இருக்கும். ஃபிளைட் நேரம் மாறியதாக வரும் எஸ்.எம்.எஸ். அவருக்குத்தான் போகும், ஞாயிற்றுக்கிழமை அவர் கடை விடுமுறை. விமான நிறுவனத்தின் ஆப்பில் பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டு உள்ளே போய் உங்கள் நம்பரைச் சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டிலும் வேலை செய்யும் நம்பராக இருக்கட்டும். ஊரிலுள்ள பெற்றோர் தனியாக வருகிறார்கள் என்றால் பிள்ளையின் மெயிலையும் சேர்ப்பது நல்லது.

அப்படியே தேதியையும் ஒருமுறை பாருங்கள். வளைகுடா விமானங்களில் பல அதிகாலையில் கிளம்புபவை. 23ஆம் தேதி அதிகாலை 4 மணி என்றால் 22ஆம் தேதி இரவே வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். இதில் கோட்டைவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

படி 3: நடுவில் மூச்சுவிட இடம்

ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் விமானம் மாறும் டிக்கெட்டையும் விற்கத்தான் செய்வார்கள். குறைந்தது மூன்று மணி நேரம் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அடுத்து, போய்ச் சேரும் நாளையும் முக்கியமான நாளையும் ஒட்டி வைக்காதீர்கள். பட்டமளிப்பு விழா வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமையே போய் இறங்குவதுபோல் போடுங்கள்.

ஹோட்டலை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதியுங்கள். தாமதம் என்று தெரிந்ததும் ஹோட்டலுக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். முதல் இரவு ஆள் வரவில்லை என்று மொத்தப் பதிவையும் தூக்கிவிடும் ஹோட்டல்கள் உண்டு.

படி 4: இன்சூரன்ஸ், புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே

பாரிஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் கையில் ஏற்கெனவே ஒரு பாலிசி இருக்கும். அதில் விமானத் தாமதமும், இணைப்பு விமானம் தவறுவதும் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். விசாவுக்கு அவை தேவையில்லை, அதனால் மலிவான பாலிசிகளில் இருக்காமலும் போகலாம். பயணத் தாமதம், பயண ரத்து, இணைப்பு தவறுதல் ஆகிய மூன்றும் உண்டா, எத்தனை மணி நேரத் தாமதத்திலிருந்து பணம் தருவார்கள் என்று பாலிசியில் தேடிப் படியுங்கள். ஏற்கெனவே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட புயலுக்கோ போருக்கோ பிறகு எடுக்கும் பாலிசி பொதுவாக உதவாது. டிக்கெட் போட்ட வாரத்திலேயே எடுத்துவிடுவது உத்தமம்.

படி 5: கைப்பையில் ஒரு நாள் வாழ்க்கை

ஒரு வாரத்துக்கான மாத்திரைகள், மருந்துச் சீட்டு, ஒரு மாற்றுத் துணி, சார்ஜர், பவர் பேங்க். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில் 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை வைத்துக்கொள்ளலாம். டிக்கெட், விசா, பாலிசி, ஹோட்டல் பதிவு எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, தாளிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் கோளாறில் உலகமே முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குத் தாள் வைத்திருந்தவர்களுக்கு வேலை சுலபம்.

படி 6: கடைசி மூன்று நாள்

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும் விமான நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தையும் காலை, மாலை பார்த்தால் போதும். வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை நம்பி டிக்கெட்டைத் தொடாதீர்கள். ஜனவரியில் போகிறவர்கள் போகிப் புகையையும் கணக்கில் வையுங்கள். 2018 போகி அன்று புகைமூட்டத்தில் சென்னை விமானங்கள் தடுமாறிப்போயின.

கிளம்பும் இரவு, எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமானம் எங்கிருந்து வர வேண்டும் என்று பாருங்கள். அதிகாலை 4 மணிக்குத் தோஹா போக வேண்டிய விமானம், பெரும்பாலும் சற்று முன்பு தோஹாவிலிருந்து வந்து இறங்கியதாகத்தான் இருக்கும். பறக்கும் நேரம் சுமார் நாலரை மணி. இரவு 11.30 ஆகியும் அது அங்கிருந்து கிளம்பவில்லை என்றால், பலகையில் என்ன போட்டிருந்தாலும் உங்களுடையது தாமதம்தான். ஆனால் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வேறு விமானத்தை மாற்றிவிட்டு நேரத்துக்குக் கிளம்பினாலும் கிளம்பிவிடுவார்கள்.

படி 7: அந்த எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது

முதலில் எதையும் அழுத்தாதீர்கள். நேர மாற்றச் செய்தியில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பளிச்சென்று இருக்கும். புது நேரத்தில் தோஹாவில் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போடுங்கள். 40 நிமிடம் என்றால் ஓட வேண்டும், 19 மணி நேரம் என்றால் தூங்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஏற்பதற்கு முன்பே கேட்டு வேறு விமானம் வாங்கிவிடலாம். ஒருமுறை ஏற்றுவிட்டால் மறுபடி மாற்றக் கட்டணம் கேட்பார்கள்.

ரத்தாகும் என்ற பயத்தில் நீங்களே கேன்சல் செய்தால், டிக்கெட் விதிப்படி கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். அவர்கள் ரத்து செய்யும் வரை பொறுத்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ உங்கள் விருப்பம். அமெரிக்கப் பயணமாக இருந்தால், 2024 அக்டோபர் முதல் அந்நாட்டு விதிப்படி சர்வதேச விமானம் 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தள்ளிப்போய், நீங்கள் பயணம் வேண்டாம் என்றால், பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

அவசரத்தில் முதல் பகுதியை மட்டும் விட்டுவிட்டுத் தனி டிக்கெட்டில் தோஹா போய் அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால், திரும்பி வருவது உட்பட மீதிப் பகுதிகள் எல்லாம் தானாக ரத்தாகிவிடும்.

கவுண்டரில் பேச்சு இப்படித்தான் போகும்:

“இன்னைக்கு எதுவும் இல்ல மேடம். ரீஃபண்ட் போட்டுடட்டுமா?”

“ரீஃபண்ட் வேண்டாம் சார். வேற ஃபிளைட்ல மாத்திக் கொடுங்க. கொழும்பு வழியா இருந்தாலும் பரவாயில்ல. நாளைக்கு ஸ்ரீலங்கன்ல பாரிஸுக்கு இடம் இருக்கான்னு பாருங்களேன்.”

ரீஃபண்டுக்குத் தலையாட்டிய நிமிடமே அவர்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்குவது உங்கள் தலைவலி. அதனால் வரிசையில் நிற்கும்போதே மாற்று வழிகளைப் போனில் தேடி, விமான எண்ணோடு சொல்லுங்கள். கத்தார், ஸ்ரீலங்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ் மூன்றும் ஒன்வேர்ல்டு கூட்டணி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுவது எளிது. ஒரு எச்சரிக்கை: லண்டன் வழியாகக் கொடுத்தால் உடனே சரி என்றுவிடாதீர்கள். இந்திய பாஸ்போர்ட்டில் சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசா மட்டும் இருந்தால், லண்டனில் விமானம் மாறவே பிரிட்டிஷ் டிரான்சிட் விசா வேண்டும். அமெரிக்கா வழி என்றால் சும்மா விமானம் மாறுவதற்கும் விசா கட்டாயம்.

வரிசையில் ஒருவர் நிற்கட்டும், இன்னொருவர் கால் சென்டருக்குப் போன் போடட்டும். எது முதலில் கிடைக்கிறதோ அது.

படி 8: பிறகு பணம்

இந்திய விமான நிறுவனம் என்றால் டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி பொருந்தும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடம் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. புயல், வான்வெளி மூடல் போன்றவற்றுக்கு அந்த இழப்பீடு இல்லை. புகார் செய்ய மத்திய அரசின் ஏர்சேவா தளம் இருக்கிறது.

ஐரோப்பிய விதி இதைவிடத் தாராளம். ஆனால் எந்தத் திசையில் பறக்கிறீர்கள் என்பது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எல்லா விமானத்துக்கும் அது பொருந்தும். அங்கே போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஆக, நம் உதாரணத்தில் தோஹா வழியாகப் போகும்போது கிடையாது, திரும்பும்போது உண்டு. சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் போனால் இரு பக்கமும் உண்டு. பாரிஸிலிருந்து ஒரே டிக்கெட்டில் திரும்பி, சென்னைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால் 600 யூரோ கேட்கலாம் (நாலு மணி நேரத்துக்குள் என்றால் பாதியாகக் குறைக்கலாம்). இயந்திரக் கோளாறு என்பதைப் பொதுவாகச் சாக்காகச் சொல்ல முடியாது. புயலோ வான்வெளி மூடலோ காரணமென்றால் 600 யூரோ கிடைக்காது, ஆனால் சாப்பாடும் ஹோட்டலும் அப்போதும் அவர்கள் தந்தாக வேண்டும். 2010 ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலில் மாட்டிக்கொண்ட ஒரு பயணியின் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஹோட்டல் தராமல் கைவிரித்தால் நியாயமான விலையில் நீங்களே எடுத்துவிட்டு, சாப்பாட்டு பில் முதல் டாக்ஸி பில் வரை படம் எடுத்து வையுங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நீங்கள் வந்து பெட்டி வரவில்லை என்றால், சுங்கப் பகுதியைத் தாண்டி வெளியே போவதற்கு முன்பே லக்கேஜ் கவுண்டரில் புகார் எழுதி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு விடாமல் நிறுவனத்துக்கு எழுத்திலும் புகார் அனுப்ப வேண்டும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமென்றால் 7 நாளுக்குள். தாமதமாக வந்தது என்றால் அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்.