நிதி திரட்டும் முன் குடும்பத்திடம் கேளுங்கள்

கடும் நோயில் இருப்பவருக்காக நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டப் போகிறீர்களா? அரங்கம் பிடிப்பதற்கு முன் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். நோயின் பெயரைச் சொல்லலாமா, படம் போடலாமா, வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்றெல்லாம் கேட்டு, அவர்கள் சம்மதித்ததை மட்டும் அறிவிப்பில் எழுதுங்கள். மருத்துவ அறிக்கையைப் படமெடுத்துப் பகிர்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்; நன்கொடை கேட்க அது தேவையே இல்லை.

தேவையையும் அவர்களே சொல்லட்டும். ஆஸ்பத்திரி பில்தான் நம் கண்ணுக்குத் தெரியும். போக்குவரத்து, வாடகை, பள்ளிக் கட்டணம், கூட இருந்து பார்த்துக்கொள்பவர் வேலைக்குப் போக முடியாமல் இழக்கும் சம்பளம் எல்லாம் மறைந்தே இருக்கும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும் என்றால் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுப்பதா, தவணையாகவா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

பணத்தைத் தனி ஆளின் கணக்கில் வாங்காமல், இருவர் கையெழுத்து தேவைப்படும் கணக்கில் வாங்குங்கள். உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அங்கேயே எழுதிக் கையெழுத்திடட்டும். மைக், மேடைச் செலவுக்குத் தனியாக ஒருவரைப் பொறுப்பேற்கச் சொன்னால், வசூலான தொகை அப்படியே குடும்பத்துக்குப் போகும்.