மிஞ்சிய சேவல்களுக்குத் தனிப் பட்டி, பெட்டைகள் கண்ணில் படாமல்

கொல்லையில் கொஞ்சம் கோழி வளர்ப்பவர்கள், 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவலை விட்டுவிட்டு, மிஞ்சிய விடலைச் சேவல்களை ஒரே பட்டியில் ஒன்றாக அடைத்துவிடுங்கள். ஆளுக்கொரு கூண்டு வேண்டாம். ஆனால் அங்கிருந்து பெட்டைகள் தெரியவே கூடாது. கம்பிவலை மட்டும் போதாது, தட்டியோ தகரமோ வைத்து மறையுங்கள்.

சேவல்கள் மோதிக்கொள்வது பெரும்பாலும் பெட்டைகளை முன்னிட்டுத்தான். பெட்டை கண்ணில் படாவிட்டால், கூடவே வளர்ந்த சேவல்கள் நாலு கொத்துக் கொத்தி யார் பெரியவன் என்று முடிவு செய்துகொள்ளும், அப்புறம் ஒரே தட்டில் தீனி தின்னும். பெட்டைகளுக்கும் இதில் பெரிய விடுதலை. சேவல் அதிகமானால் ஓயாமல் மிதிபட்டு, முதுகிலும் பிடரியிலும் இறகு கொட்டிச் சிவந்த தோல் தெரியும். முதுகில் இறகு ஒடிந்து வெறும் தண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அது தெரிந்தால் அன்றைக்கே பிரித்துவிடுவது நல்லது. கூவத் தொடங்கும் பருவத்திலேயே பிரித்தால் இன்னும் சுலபம்.

சண்டைக்கென்றே உருவான ரகங்களுக்கு இது ஒத்துவராது. வெவ்வேறு இடத்திலிருந்து வாங்கிய முற்றிய சேவல்களையும் இப்படி அடைக்காதீர்கள்; ஓடி ஒதுங்க இடமில்லாத குறுகிய பட்டியும் வேண்டாம். பெட்டைகளோடு இருந்துவிட்டு வரும் சேவலைத் திரும்பச் சேர்த்தால் சண்டை மறுபடி தொடங்கும். முட்டை மட்டும் போதும், குஞ்சு வேண்டாம் என்றால் சேவலே தேவையில்லை.