120 இலை, 10 தொட்டி: டி-டெஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் புள்ளியியல் பழகுபவர்கள் அனுப்பும் கணக்குகளைப் பார்த்தால் என் பழைய நோட்டையே திறந்ததுபோல் இருக்கிறது. எண்ணைத் தவறாகத் தட்டுவது, குழுவின் பெயரை மாற்றிப் போடுவது எல்லாம் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எத்தனை என்று எண்ணும்போது

ஓர் உரம் இலையை நீளமாக்குகிறதா என்று ஒருமுறை பார்த்தேன். 5 தொட்டிகளுக்கு உரம், 5 தொட்டிகளுக்கு இல்லை. தொட்டிக்கு 12 இலைகள் அளந்தேன். ஆக, குழுவுக்கு 60 என்று போட்டு, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டை ஓட்டினேன். டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கணக்கில் தனித்தனியாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை) 118, பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) மிகச் சிறியது. ஒரே சந்தோஷம். அதை நம்பி அடுத்த சோதனைக்கு மூன்று மாதம் கொட்டினேன், ஒன்றும் தேறவில்லை.

உரம் போட்டது தொட்டிக்கு, இலைக்கு அல்ல. ஒரே தொட்டியின் இலைகளுக்கு மண், ஈரம், வெளிச்சம் எல்லாம் ஒன்றுதான். ஒன்று நீண்டால் பக்கத்து இலையும் நீளும். அந்த ஒட்டுறவு (ஒன்றுமே இல்லையென்றால் 0, முழுமையென்றால் 1) 0.5 என்றால், 60 இலைகள் தரும் தகவல் ஏறத்தாழ 9 தனித்தனி இலைகள் தருவதற்குத்தான் சமம். நான் 60 என்று போட்டதால் திட்டப்பிழை, அதாவது சராசரி எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு, பொய்யாகச் சுருங்கிவிட்டது. தொட்டிக்கு ஒரு சராசரி எடுத்து, 10 எண்களை மட்டும் ஒப்பிட்டிருக்க வேண்டும். அப்போது டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 8தான்.

"அப்படியென்றால் 12 இலை அளந்தது வீணா?" என்று கேட்பார்கள். வீணில்லை, தொட்டியின் சராசரி துல்லியமாகும். ஆனால் எத்தனை இலை அளந்தாலும் ஆறாவது தொட்டி முளைக்காது. இன்றைக்கும் வரைபடத்தின் கீழே 60 என்று கண்டால் எரிச்சல் வருகிறது.

ஒரே ஆளை முன்னும் பின்னும் அளந்தால்

பெயர்டு டெஸ்ட், அதாவது ஒவ்வோர் ஆளின் முன்-பின் வித்தியாசத்தை வைத்துப் பார்ப்பது. வேறு பேச்சில்லை.

சிதறல் சமமா?

இரு குழுக்களின் எண்களும் தத்தம் சராசரியைச் சுற்றி ஒரே அளவு சிதறுகின்றனவா என்று பார்க்க முதலில் ஒரு டெஸ்ட், அதன் முடிவைப் பார்த்து அடுத்த டெஸ்ட் என்று நானும் அலைந்திருக்கிறேன். தேவையில்லை, சிதறல் சமம் என்று எடுத்துக்கொள்ளாத டி-டெஸ்டான வெல்ச் டெஸ்டுக்கு நேராகப் போங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இயல்பாக ஓடுவதும் அதுதான். சிறிய குழுவில் சிதறல் பெரிதாக இருந்தால் பழைய டி-டெஸ்ட் இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடிவிடும்.

ஒரு குழுவில் 0.03, மற்றதில் 0.08

முன்-பின் மாற்றத்துக்கு இப்படி இரண்டு பி-மதிப்புகள் வந்தால், 0.05 என்ற எல்லையை வைத்து முதல் குழு மட்டும் மாறியது என்று எழுதிவிடுகிறார்கள். சரி, இரண்டு மாற்றங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்களா? பெரும்பாலும் இல்லை.

"வேறுபாடு இல்லை"

பி-மதிப்பு 0.05ஐத் தாண்டினால் இதை எழுதாதீர்கள். நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சைக் கொடுங்கள். அது −2 முதல் 9 மில்லிமீட்டர் வரை போனால், 9 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக்கூட இன்னும் இடமிருக்கிறது.