கண்காணிப்பு சேர்வரை வெளியே திறந்து வைக்கிற தம்பிமாருக்கு

போன மாதம் நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதியில் வேலை. ஆறு மாதமாக என்னோடு வேலை பழகுகிற பெடியன் ஒருவன் வந்து தன் ஃபோனை நீட்டினான். விடுதியின் சுவிட்ச்கள், வைஃபை பெட்டிகள் எல்லாம் கேக்டை என்ற வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருளில் வரைபடமாக ஓடிக்கொண்டிருந்தன.

“அண்ணை, இனி வீட்ட இருந்தே பார்க்கலாம்.”

“வெளியால எப்படி வருது?”

“ரவுட்டரில போர்ட் ஃபோர்வேர்ட் பண்ணி விட்டனான். பாஸ்வேர்ட் நல்ல பலமானது, பயப்பிடாதேங்கோ.”

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. போர்ட் ஃபோர்வேர்ட் என்றால், இணையத்திலிருந்து வருகிறவரை ரவுட்டர் நேரே உள்ளே இருக்கிற சேர்வருக்கு அனுப்பிவிடுவது. அந்த இடத்திலேயே போர்ட்டை மூடச் சொன்னேன். 2022இல் நானும் அவனைப் போலத்தான் போர்ட்டைத் திறந்து வைத்தேன், யாரும் கேட்டால் பாஸ்வேர்ட் பலமானது என்றுதான் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவனுக்குச் சொன்னதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிற மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன். அட்மின் என்ற பெயருக்கு அட்மின் என்றே கடவுச்சொல் வைப்பது, அதை ஒட்டுத்தாளில் எழுதித் திரையில் ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

“லொகின் பக்கம் இருக்குத்தானே” என்று நம்பி வெளியே திறப்பது

முதலில் அன்றைய நிலைமை. 2022இல் இலங்கையில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. பெற்றோலுக்கு வரிசை. கியூஆர் குறியீட்டில் பெற்றோல் பங்கிடுகிற முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர்தான். நான்கு கிளை வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் வலையமைப்பு என் பொறுப்பில் இருந்தது. கரண்ட் வந்த பிறகு எந்த சுவிட்ச் எழும்பியது, எந்த யுபிஎஸ் பற்றறி செத்தது என்று பார்க்க ஒவ்வொரு கிளைக்கும் ஓடினால் ஒரே நாளில் பெற்றோல் முடிந்துவிடும். அதனால் கேக்டை ஓடிய சேர்வரை 8081ஆம் போர்ட் வழியாக வெளியே திறந்தேன். தேவை உண்மையானது. வழிதான் பிழை.

2022 டிசம்பர் தொடக்கத்தில் கேக்டையில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது. இப்படியான ஓட்டைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கிற எண்களில் சிவிஇ-2022-46169 என்பது அதன் எண். பத்துக்கு 9.8 என்று ஆபத்துப் புள்ளி கொடுத்திருந்தார்கள். இந்த ஓட்டையின் வழி லொகின் பக்கத்துக்கு வருவதே இல்லை. பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். என் இருபது எழுத்துக் கடவுச்சொல்லை யாரும் கேட்கவே இல்லை.

அது எப்படி வேலை செய்தது என்று விளங்கினால்தான் மற்ற மென்பொருள்களிலும் இதே மாதிரியை அடையாளம் காணலாம். பெரிய வலையமைப்பில் கேக்டை ஒரு சேர்வரில் மட்டும் ஓடாது. தூரத்துக் கிளைகளில் தகவல் சேகரிக்கிற துணை சேர்வர்கள் இருக்கும். போலர் என்று சொல்வார்கள். அவை தலைமை சேர்வரோடு பேசுவதற்கு ரிமோட் ஏஜென்ட் என்று ஒரு பிஎச்பி கோப்பு இருக்கிறது. இயந்திரத்தோடு இயந்திரம் பேசுகிற இடம் என்பதால் அங்கே லொகின் இல்லை. வருகிறவரின் ஐபி முகவரியைப் பார்த்து, அதன் பெயர் போலர் பட்டியலில் இருந்தால் உள்ளே விடும்.

அந்த முகவரியை எங்கிருந்து எடுத்தது என்பதுதான் கோளாறு. வேண்டுகோளோடு சேர்ந்து வருகிற எக்ஸ்-ஃபோர்வேர்டட்-ஃபோர் போன்ற ஹெடர் குறிப்புகளை அப்படியே நம்பியது. அவை வருகிறவரே எழுதி அனுப்பக்கூடியவை. பட்டியலில் தலைமை சேர்வரின் சொந்தப் பெயரும் இயல்பாகவே இருக்கும். “நான்தான் அந்த சேர்வர்” என்று எழுதி அனுப்பினால் கதவு திறந்தது. கேற்றில் நிற்பவர் அடையாள அட்டையைக் கேட்காமல், வந்தவர் சொன்ன பெயரைப் பதிவுப் புத்தகத்தில் தேடிப் பார்த்து “ஓம், இந்தப் பேர் இருக்கு, போங்கோ” என்று விடுவது போல.

உள்ளே போன பிறகு இரண்டாவது கோளாறு. போலரின் எண் வரவேண்டிய இடத்தில் வருவது எண்தானா என்று பார்க்காமல், அதைச் சேர்வரில் ஓடப்போகிற கட்டளைக்குள் அப்படியே சேர்த்தது. எண்ணுக்குப் பின்னால் கட்டளை ஒன்றை ஒட்டி அனுப்பினால் அதுவும் ஓடும். பிஎச்பி ஸ்கிரிப்ட் வகையில் தரவு எடுக்கிற உருப்படி ஒன்றாவது இருந்தால்தான் இது நடக்கும். ஆனால் கேக்டையோடு வருகிற சில வார்ப்புருக்களே அந்த வகைதான். அவற்றின் எண்களும் சிறியவை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பிடித்துவிடலாம்.

இது எதையும் அந்த டிசம்பரில் நான் வாசிக்கவில்லை. மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்கிற நேரம், விடுதிகளில் வைஃபை வேலை குவிந்திருந்தது. ஜனவரி நடுப்பகுதியில்தான் நண்பர் ஒருவர் சொன்னார். அன்றிரவே திருத்தம் வந்திருந்த 1.2.23 பதிப்பைப் போட்டேன். நிம்மதியாகப் படுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த வாடிக்கையாளரின் தலைமை அலுவலகத்தில் இணையம் இழுபட்டது. பார்த்தால், கண்காணிப்பு சேர்வரிலிருந்து வெளிநாட்டு முகவரி ஒன்றுக்கு ஓயாமல் இணைப்பு. பேர்ல் மொழியில் எழுதிய சின்ன நிரல் ஒன்று ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறை வழியாக எங்கிருந்தோ கட்டளை வாங்கிக்கொண்டிருந்தது. நான் ஓட்டையை அடைப்பதற்கு முன்பே அது வந்துவிட்டது. நேரத்துக்கு நேரம் நிரல்களைத் தானாக ஓட்டுகிற குரொன் பட்டியலில், வெப் சேர்வர் பயனரின் பெயரில் தன்னை எழுதி வைத்திருந்ததால், சேர்வரை நிறுத்திப் போட்டாலும் அந்த நிரல் மறுபடி எழும்பியது.

அந்த நிரலை நீக்குவது பத்து நிமிட வேலை. செலவு அதில் இல்லை. கேக்டை ஒவ்வொரு கருவியையும் எஸ்என்எம்பி என்ற முறையில் விசாரிக்க அதனதன் ரகசியச் சொல்லை வைத்திருக்கும், அதுவும் தரவுத்தளத்தில் வெறும் எழுத்தாக. தரவுத்தளத்தின் கடவுச்சொல் கேக்டையின் கொன்ஃபிக் கோப்பில் இருக்கும். வெப் சேர்வர் வாசிக்கிற கோப்பை, வெப் சேர்வராக உள்ளே வந்தவரும் வாசிப்பார். அதே சேர்வரில் நான் சுவிட்ச் கொன்ஃபிக்குகளின் பிரதிகளையும் போட்டு வைத்திருந்தேன். கதவு ஒன்று, சாவிக்கொத்து முழுவதும் அதற்குப் பின்னால். அவர்கள் எடுத்தார்களா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை, ஆகவே எடுத்தார்கள் என்றே கருதவேண்டியிருந்தது. நான்கு கிளைகளுக்கும் போய், ஒவ்வொரு சுவிட்சிலும் ரவுட்டரிலும் எல்லாவற்றையும் மாற்றினேன். சேர்வரை அழித்துப் புதிதாக ஏற்றினேன். ஐந்து நாள். ஒரு சதமும் கேட்கவில்லை, கேட்க முகமும் இல்லை. அடுத்த வருடம் அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. பிறகு வெப் சேர்வரின் பதிவுகளை உட்கார்ந்து எண்ணினேன். வெளியே திறந்த நாளிலிருந்து என் ஃபோனிலிருந்து நான் உள்ளே வந்தது ஒன்பதே தடவை. முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து வந்த தட்டல்கள் ஆயிரக்கணக்கில். ஒன்பது தடவை பார்ப்பதற்காக அந்தக் கதவை இரவு பகலாகத் திறந்து வைத்திருந்தேன்.

“யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்களை ஆர் தேடி வாறது?” என்று கேட்கிறார்கள். ஒருவரும் தேடி வருவதில்லை, நிரல்கள் எல்லா முகவரியையும் தட்டிப் பார்க்கின்றன. 2013இல் வெளிவந்த ஸீமாப் என்ற கருவியே ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஒரு போர்ட்டுக்கு ஒரு கிகாபிட் இணைப்பில் 45 நிமிடத்துக்குள் வருடிவிடும், அதாவது ஸ்கேன் செய்துவிடும். போர்ட் எண்ணை 8081இலிருந்து 38081 ஆக மாற்றினால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தாமதமாகலாம், தப்ப முடியாது. அந்த ஓட்டை வந்த நேரம் சென்சிஸ் நிறுவனம் இணையத்தில் பார்த்தபோது 6,400க்கும் மேற்பட்ட கேக்டை சேர்வர்கள் வெளியே தெரிந்தன. பதிப்பு எண்ணைக் காண முடிந்தவற்றில் திருத்தம் போட்டிருந்தவை 26. என்னைப் போல ஆட்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள்.

சரி, வீட்டிலிருந்து பார்க்க என்ன செய்வது? விபிஎன், அதாவது வெளியிலிருந்து உள் வலையமைப்புக்குப் போகிற மறையாக்கிய தனிப்பாதை. மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதன் ரவுட்டர் ஓஎஸ் 7இலேயே வயர்கார்ட் என்ற விபிஎன் இருக்கிறது, தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஃபோனில் வயர்கார்ட் செயலியைப் போட்டு, சாவியைக் கொடுத்து, சேர்வரின் உள் முகவரியைத் திறந்தால் அதே வரைபடங்கள்தான். வயர்கார்ட் தெரியாத சாவிக்குப் பதிலே சொல்லாது, அதனால் வருடுகிறவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. 4ஜி இணைப்பில் பொது ஐபி கிடைக்காத இடங்களில், சிறிய வாடகை சேர்வர் ஒன்றை நடுவில் வைத்து இரு பக்கமும் அதனோடு வயர்கார்டில் இணையலாம்.

திருத்தம் போட்டதும் முடிந்துவிட்டது என்று நினைப்பது

மேலே சொன்ன அந்த மூன்று வாரம் இதனால் வந்தது. திருத்தம் இனி வருகிறவரைத்தான் தடுக்கும், ஏற்கனவே உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. ஓட்டை வெளியான நாளுக்கும் நீங்கள் அடைத்த நாளுக்கும் இடையில் சேர்வர் வெளியே தெரிந்திருந்தால், அடைத்த கையோடு தேட வேண்டும். வெப் சேர்வர் பயனரின் பெயரில் ஓடுகிற, உங்களுக்குத் தெரியாத நிரல்கள். அந்தப் பயனரின் குரொன். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவுகளில் புதிதாக வந்தவை. வெளியே போகிற இணைப்புகள். வெப் பதிவில் ரிமோட் ஏஜென்ட் கோப்பை யார் கூப்பிட்டார்கள் என்பது. சந்தேகமாக ஒன்று அகப்பட்டால் துடைத்துப் பார்க்க வேண்டாம், சேர்வரைப் புதிதாக ஏற்றுங்கள்.

வெளியே போகிற வழியை மறப்பது

எல்லோரும் உள்ளே வருவதைத் தடுக்கிறார்கள், கண்காணிப்பு சேர்வர் வெளியே போவதை ஒருவரும் தடுப்பதில்லை. அதற்கு எதற்கு முழு இணையம்? அப்டேட் எடுக்கிற முகவரி, நேரம் பார்க்கிற சேர்வர், எச்சரிக்கை மின்னஞ்சல் போகிற இடம், அவ்வளவுதான். மற்றவற்றை ரவுட்டரில் மூடியிருந்தால் அந்தப் பேர்ல் நிரல் வந்த இடத்திலேயே கட்டளை கிடைக்காமல் கிடந்திருக்கும்.

சில தம்பிமார் சோலார்விண்ட்ஸ் ஓரியன் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளின் கதையை என்னிடம் நீட்டுகிறார்கள். 2020 டிசம்பரில் வெளிவந்தது. அப்டேட்டுக்குள்ளேயே கள்ளக் கதவு ஒன்றை வைத்திருந்தார்கள், ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டை எடுத்தார்கள். “அப்ப அப்டேட் போடாமல் இருக்கிறது நல்லதுதானே அண்ணை?” இல்லை. அங்கேயும் அந்தக் கள்ளக் கதவு தன் ஆட்களோடு பேச வெளியே போகவேண்டியிருந்தது. அந்தக் கதையிலிருந்து எடுக்க வேண்டியது வெளிவழியை அடைக்கிற பழக்கம்.

எஸ்என்எம்பிக்கு எழுதும் உரிமை கொடுப்பது

கொடுக்காதீர்கள். வரைபடத்துக்கு வாசிக்கும் உரிமை போதும். கருவி இடம் கொடுத்தால் மூன்றாம் பதிப்பை மறையாக்கத்தோடு பாவியுங்கள். 2சி பதிப்பில் ரகசியச் சொல் வயரில் வெறும் எழுத்தாகத்தான் போகிறது.

“உள்ளுக்குத்தானே இருக்கு”

விருந்தினர் வைஃபையும் கண்காணிப்பு சேர்வரும் ஒரே வலையமைப்பில் இருந்தால், அறை எடுத்துத் தங்குகிற எவருக்கும் அது வெளியே திறந்தது போலத்தான். சேர்வருக்குத் தனி விஎல்ஏஎன் போடுங்கள், அதாவது அதே சுவிட்ச்களில் பிரித்து ஓட்டுகிற தனி வலையமைப்பு.

நிறுவியதை மறந்துபோவது

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவு எழுதப் பாவிக்கிற லொக்4ஜேயில் ஓட்டை வந்தபோது பலர் “நாங்கள் ஜாவா பாவிக்கிறதில்லையே” என்று இருந்துவிட்டார்கள். யூனிஃபை வைஃபை பெட்டிகளை நடத்துகிற மென்பொருள் ஜாவாவில் எழுதியது, அதுவும் பாதிக்கப்பட்டது. 6.5.54 பதிப்பில் முதல் திருத்தம் வந்தது. எங்கள் ஊர் விடுதிகளில் அந்த மென்பொருள் பெரும்பாலும் வரவேற்பு மேசையின் கீழே இருக்கிற பழைய கணினியில் ஓடும். வைஃபை பூட்டின அன்று போட்டது, பூட்டினவர் இப்போது கத்தாரில் இருப்பார். ஒரு இடத்தைப் பொறுப்பெடுத்தால் முதல் வேலையாக என்னென்ன மேலாண்மை மென்பொருள், எந்தக் கணினியில், எந்தப் பதிப்பு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஓட்டைச் செய்தி வருகிற அன்று அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உங்கள் நிலை தெரிந்துவிடும்.

“திருவிழா முடியட்டும்”

நல்லூர்த் திருவிழா 25 நாள். லொகின் இல்லாமல் உள்ளே விடுகிற ஓட்டைக்கு அவ்வளவு நாள் கிடையாது. அன்றே போட முடியாவிட்டால் அன்றே சேர்வரை நிறுத்துங்கள். வரைபடம் இல்லாமலும் விடுதி ஓடும்.

மூடியதைச் சரிபார்க்காமல் விடுவது

அன்று பெடியன் போர்ட் ஃபோர்வேர்டை அழித்துவிட்டு “மூடிட்டன் அண்ணை” என்றான். விடுதி வைஃபையில் இருந்துகொண்டே பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தான். திறக்கவில்லை. உள்ளே இருந்து பார்த்தால் வெளியே எப்படித் தெரிகிறது என்று விளங்காது. வைஃபையை நிறுத்தி ஃபோன் டேட்டாவில் பார்க்கச் சொன்னேன். திறந்தது. ரவுட்டரில் யூபிஎன்பி, அதாவது உள்ளே இருக்கிற கருவிகள் கேட்டால் போர்ட்டைத் தானாகத் திறந்துவிடுகிற வசதி, போட்டபடி இருந்தது, இன்னொரு வழியை அது தானாகவே திறந்து வைத்திருந்தது. அதையும் நிறுத்தி, என் மடிக்கணினியை அவனுடைய டேட்டாவில் இணைத்து, என்மாப் என்ற வருடும் கருவியை வைத்து 65,535 போர்ட்டுகளையும் வருடினோம். நல்ல நேரம் எடுத்தது. ஒன்றும் பதில் சொல்லவில்லை என்று கண்ட பிறகுதான் வயர்கார்ட் வேலையைத் தொடங்கினோம்.