கியூப் டெஸ்டில் தோற்ற என் கான்கிரீட்

தக்கலை பக்கம் வீடு கட்டும்போது நடந்தது. லிண்டலுக்கு (கதவு, ஜன்னல் மேல் வரும் உத்தரம்) போட்ட எம்20 கான்கிரீட், அதாவது இருபத்தெட்டாம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய ரகம். அதே கலவையில் வார்த்த மூன்று கியூபை (சோதனைக் கட்டி) ஏழாம் நாள் லேபில் அழுத்தி உடைத்ததில் சராசரி சதுர மில்லிமீட்டருக்கு 9 நியூட்டன்தான்; 13 பக்கம் வந்திருக்க வேண்டும். "சிமென்டு சரியில்ல சாரே" என்று கொத்தனார் கைகழுவினார். நல்லவேளை, கூரை வார்ப்பு பாக்கி இருந்தது.

அடுத்த கலவைக்கு நானே பக்கத்தில் நின்றேன். இடவப்பாதி மழையில் மணல் நனைந்து கிடந்தது. அந்த ஈரம் போதாதென்று வாளி வாளியாகத் தண்ணீர்! தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் பலம் குறையும். மணலைத் தார்ப்பாயால் மூடினோம். மணல் ஈரத்தையும் சேர்த்து சிமென்டு மூட்டைக்கு 25 லிட்டர், அதற்கு மேல் சொட்டுகூட இல்லை. கியூபுக்கு 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்கு, அடுக்குக்குக் கம்பியால் 35 குத்து. ஒருநாள் ஈரச்சாக்கு, பிறகு தண்ணீர்த் தொட்டி. முந்தைய கியூப்கள் திண்ணையில் சும்மா காய்ந்தவை.

லேபில் இன்னொரு கூத்து. கரண்டியால் தேய்த்த முகத்தை மேலே வைத்து அழுத்தப் போனார்கள். அது சமமாக இருக்காது, பக்கவாட்டு முகத்தில்தான் பாரம் விழ வேண்டும். சொல்லித் திருப்பி வைத்தேன்.

ஏழாம் நாள் 15. இருபத்தெட்டாம் நாள் 608 கிலோநியூட்டன் தாங்கித்தான் உடைந்தது, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 27 நியூட்டன். கொத்தனார் இப்போதும் சிமென்டைத்தான் குறை சொல்கிறார்.