ஊர் விடுப்பில் இம்பிளான்ட் வைக்க நினைக்கும் சேலத்துக்காரர்களுக்கு: முதலில் தாடை எலும்பைப் பாருங்கள்

சேலத்திலிருந்து வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாடு வந்தவர்கள், மருத்துவக் காப்பீட்டுத் தாள்களைப் படிக்கும்போதுதான் பல் சிகிச்சை பெரும்பாலும் அதில் சேராது என்பதை அறிகிறார்கள். பிரிட்டனில் என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவை வழியாக இம்பிளான்ட், அதாவது போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், கிடைப்பது மிக அரிது. அப்படிக் கிடைக்காதவர்கள் தனியார் மருத்துவரிடம்தான் போகவேண்டும். ஆகவே பல் போனால், அடுத்த விடுப்பில் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது நம்மவர் வழக்கம். ஐந்து ரோடு, பேர்லேண்ட்ஸ் பக்கம் பல் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை, செலவும் குறைவுதான். ஆனால் அப்படித் தள்ளிப்போடும் மாதங்களில் தாடை எலும்பு கரைந்துகொண்டே இருக்கிறது.

மெல்லும் விசையைப் பல்லின் வேர் எலும்புக்குக் கடத்தும் வரைதான் அந்த எலும்பு தன் பருமனைக் காத்துக்கொள்ளும். பல்லைப் பிடுங்கிய ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடலாம். அதில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே போய்விடும். எனக்குத் தெரிந்த அம்மாபேட்டைக்காரர் ஒருவர், கீழ்க் கடைவாய்ப் பல் போய்ச் சில ஆண்டுகள் கழித்து, மூன்று வார விடுப்பில் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளச் சேலம் போனார். வெளியே ஈறு மேடாகத்தான் தெரிந்தது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் பார்த்தால், உள்ளே எலும்பு மேலே போகப்போகக் கத்தி விளிம்பு போல மெலிந்து 4 மில்லிமீட்டர்தான் இருந்தது. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இம்பிளான்டைச் சுற்றி எலும்புச் சுவர் நிற்கவேண்டுமானால் 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலம் தேவை. அந்த விடுப்பில் அவருக்கு எலும்பு ஒட்டு மட்டுமே வைக்க முடிந்தது.

எலும்பு ஒட்டு என்பது குறைந்த இடத்தில் எலும்புத் துகளை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு விரித்துத் தையலிடுவது. அந்தத் துகள் உங்கள் தாடையிலிருந்தே எடுத்ததாகவோ, பதப்படுத்திய மனித எலும்பாகவோ, மாட்டெலும்பாகவோ, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டாகவோ இருக்கலாம். சவ்வு சில வேளைகளில் பன்றியிலிருந்து பெறப்பட்டது. சமயத்தையோ உணவு வழக்கத்தையோ முன்னிட்டு உங்களுக்கு இதில் தயக்கம் இருந்தால், தயங்காமல் முன்கூட்டியே கேளுங்கள். மாற்றுப் பொருள் பெரும்பாலும் உண்டு.

ஒட்டு எலும்பாக மாற 4 முதல் 6 மாதங்கள் ஆகும்; அதன்பின் வைக்கும் டைட்டானியம் இம்பிளான்ட் எலும்போடு பிணையப் பொதுவாக இன்னும் 3 முதல் 6 மாதங்கள்; அதற்குப் பிறகே பல் உறை. எனவே ஒரே விடுப்பில் எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால், உங்கள் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் பரிந்துரை இதுதான்: இங்கே பல் பிடுங்கவேண்டி வந்தால், அதே அமர்வில் குழியை ஒட்டுத் துகளால் நிரப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே அதற்குச் சற்றுச் செலவானாலும், ஊரில் பெரிய ஒட்டு அறுவைக்கும் ஒரு முழு விடுப்புக்கும் தேவை குறையும்.

மேல் கடைவாயில், பல் வரிசைக்கு மேலே உள்ள சைனஸ் என்னும் காற்றறையின் தளத்தை உயர்த்தி ஒட்டு வைத்தால் ஆறும் காலம் இன்னும் நீளும். சில வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. திரும்பும் விமானத்தையும், காதடைக்கும் ஏற்காடு மலைப்பாதையையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்கவேண்டும். தையல் பிரிக்கும் வரை தட்டுவடை செட்டும் வேண்டாம். புகைபிடிப்பதும் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் ஒட்டு தோற்பதற்கு முக்கியக் காரணங்கள். எலும்பின் அடர்த்தி குறையும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. அம்மருந்துகளால் அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

சேலத்தை விட்டுக் கிளம்பும் முன் ஸ்கேன் கோப்பைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் அச்சுப்பிரதி மட்டும் போதாது. இம்பிளான்டின் நிறுவனப் பெயர், விட்டம், நீளம், தொகுதி எண் அடங்கிய ஸ்டிக்கர் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் இங்கே பல் உறையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்தால், எந்த நிறுவனத்தின் கருவி பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அறிவார்.