கடலூரில் இருந்தபடியே பிரிட்டனின் பனிப்பொழிவைக் கணிப்பது எப்படி

வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் விண்டி என்ற வானிலைத் தளத்தின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்று விசாரித்தே பழகிய கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு, பிரிட்டனில் பனி பொழியுமா என்று பார்ப்பதற்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. படிக்கவோ செவிலியர் வேலைக்கோ பிள்ளைகள் அங்கே போயிருக்கும் வீடுகளில் டிசம்பர் பிறந்தாலே இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. கிழக்கு இங்கிலாந்தின் நார்விச்சில் இருக்கும் என் அக்கா மகள், "மாமா, பத்து நாள்ல பெரிய பனி வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், நம்பலாமா?" என்று கேட்பாள். பத்து நாள் என்றால் நம்ப வேண்டாம் என்பதே என் பதில். எதை, எப்போது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதல் வேலை, பழைய கடுங்குளிர் ஆண்டுகளைப் படிப்பது. 1947இல் ஜனவரி 22 தொடங்கி மார்ச் 17 வரை பிரிட்டனின் ஏதாவது ஒரு பகுதியில் நாள்தோறும் பனி பொழிந்தது. நிலக்கரித் தட்டுப்பாடும் அதோடு சேர்ந்துகொண்டதால் மின்வெட்டு வந்தது, மார்ச்சில் பனி உருகியபோது பெருவெள்ளமும் வந்தது. 1962ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழத் தொடங்கிய பனி, பல ஊர்களில் மார்ச் தொடக்கம் வரை தரையை விட்டுப் போகவில்லை. 1659 முதல் மாதவாரியாகத் தொகுக்கப்பட்டுள்ள மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடரில் 1963 ஜனவரியின் சராசரி மைனஸ் 2.1 டிகிரி, கென்ட் கரையில் ஹெர்ன் பே அருகே கடலே உறைந்தது. அதே தொடரில் 2010 டிசம்பரின் சராசரி மைனஸ் 0.7. அங்கே வயதானவர்கள் யாரிடம் பேசினாலும் தங்கள் சிறுவயதில் குளிர்காலமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது என்பார்கள். பதிவேடு அப்படிச் சொல்வதில்லை, பெரிய ஆண்டுகள் எப்போதுமே அபூர்வமாகத்தான் வந்திருக்கின்றன.

அந்த ஆண்டுகளில் நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டியது காற்றமைப்பை. வழக்கமாக அட்லாண்டிக்கிலிருந்து வீசும் ஈரமான மேற்குக் காற்றுதான் பிரிட்டனை அதன் அட்சரேகைக்குப் பொருந்தாத அளவு வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து அல்லது கிரீன்லாந்துப் பக்கம் ஓர் உயர் அழுத்தம் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டு அந்தக் காற்றை அடைத்துவிட்டால், கிழக்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ குளிர்காற்று உள்ளே புகுகிறது. ஆகவே வரைபடத்தைத் திறந்ததும் வெப்பநிலையைப் பார்க்க ஓடாமல் ஒரே காற்றழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் அழுத்தக் கோடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் உறவினர் இருக்கும் ஊருக்கு எந்தத் திசைக் காற்று பனியைக் கொண்டுவரும் என்று தெரிந்துகொள்வது. கீழ்க்காற்று, அதாவது கிழக்குக் காற்று, வீசினால் வடகடலின் மேல் மேகம் திரண்டு நார்ஃபோக், எசெக்ஸ், கென்ட் பகுதிகளிலும் நியூகாசில் பக்கமும் பனி விழும். சில வேளைகளில் தேம்ஸ் கழிமுகத்தின் வழியாக ஒரே கோடாக மேகங்கள் வரிசைகட்டி லண்டனுக்குள் நுழைவதும் உண்டு. நேர் வாடையானால் ஸ்காட்லாந்தின் வடபகுதிக்குப் பனி கிடைக்கும், தென்பகுதியில் பெரும்பாலும் வெயிலும் குளிருமாக நாள் கழிந்துவிடும். வடமேற்குக் காற்றில் வேல்ஸ் மலைகளுக்கும் பென்னைன் மலைகளுக்கும் இடையிலுள்ள செஷயர் இடைவெளி வழியே பர்மிங்காம் வரைகூடப் பனி எட்டும். தென்மேற்குக் காற்று பொதுவாக மழைதான். ஆனால் நாட்டின் மேல் குளிர்காற்று தேங்கி நிற்கும்போது தெற்கே இங்கிலீஷ் கால்வாய் வழியாக ஒரு காற்றழுத்தத் தாழ்வு நகர்ந்தால், அதன் வடக்கு ஓரத்தில் விழும் பனியே ஆழமானது. ஐம்பது கிலோமீட்டர் தடம் மாறினால் அதே ஊருக்கு வெறும் மழையோ வறண்ட வானமோதான் வாய்க்கும்.

இப்போது எண்கள். விண்டியில் 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தை, அதாவது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தைத் தேர்ந்தெடுத்து அங்குள்ள வெப்பநிலையைப் பாருங்கள். மைனஸ் 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தாழ்வான ஊர்களிலும் பனிக்கு வாய்ப்பு தொடங்குகிறது. கிழக்கிலிருந்து வரும் பனித் தூறல்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: கடல் மேற்பரப்புக்கும் அந்த உயரத்துக்கும் இடையே குறைந்தது 13 டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் மேகம் வலுவாக எழும். கடல் 6 டிகிரி, மேலே மைனஸ் 10 என்றால் வித்தியாசம் 16. நார்விச்சுக்கு அன்று நல்ல நாள். அதோடு தரைமட்டத்தில் பனிப்புள்ளி எனப்படும் டியூ பாயிண்டையும், அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலையையும், பார்க்க வேண்டும். காற்றின் வெப்பநிலை 2 டிகிரியாக இருந்தாலும் பனிப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால், விழும் பனி ஓரளவு ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்துத் தானும் பிழைத்துக்கொள்ளும். பனிப்புள்ளி 2 என்றால் சேறுதான் மிஞ்சும். கரையோர ஊர்களுக்கு டிசம்பரில் கடல் இன்னும் சூடாக இருப்பதே பெரிய தடை, அதனால்தான் கிறிஸ்துமஸைவிட ஜனவரி முதல் மார்ச் வரைதான் பனிக்கு வாய்ப்பு அதிகம்.

எத்தனை நாள் முன்கூட்டி நம்பலாம் என்பதற்கு ஃபெஞ்சலை நினைத்துக்கொண்டால் போதும். புயலாகுமா ஆகாதா என்று நாள்கணக்கில் கணினி வானிலை மாதிரிகள் மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. பனிக்கான மாதிரிகளும் அதே மாதிரிகள்தாம், அதே தடுமாற்றம்தான். ஒரு மாதிரியை ஒருமுறை ஓட்டிப் பெறும் கணிப்பை ஓட்டம் என்பார்கள்; அப்படி ஒற்றை ஓட்டத்தில் கடுங்குளிரைக் காட்டும் ஊதா நிறத்தைக் கண்டு துள்ளாமல், ஐரோப்பிய மாதிரியின் 51 ஓட்டங்களிலும் அமெரிக்க மாதிரியின் 31 ஓட்டங்களிலும் எத்தனை குளிரைக் காட்டுகின்றன என்று பாருங்கள். மெட்டியோசியல் என்ற பிரெஞ்சுத் தளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கும். ஐந்து நாளுக்கு அப்பால் உயர் அழுத்தம் எங்கே நிற்கப் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். எத்தனை சென்டிமீட்டர் என்ற பேச்சைக் கடைசி இரண்டு நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அமெரிக்க மாதிரியின் புதிய வரைபடங்கள் நம் நேரப்படி காலை ஒன்பது மணிக்கு மேலும் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வரத் தொடங்கும். நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்ப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

துருவத்துக்கு மேலே, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் சில நாட்களுக்குள் வெப்பம் திடீரென ஏறுவதை வைத்து ஒவ்வோர் ஆண்டும் கடுங்குளிர் வரப்போகிறது என்ற பெரிய எதிர்பார்ப்பு எழும். 2018 பிப்ரவரி நடுவில் அப்படி ஏறி, இரண்டு வாரத்தில் 'பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்' என்று பெயர் பெற்ற கீழ்க்காற்று வந்தது. 2019 ஜனவரி தொடக்கத்திலும் ஏறியது. ஆனால் அந்தப் பிப்ரவரி 26 அன்று லண்டனின் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி வெயில் அடித்து, குளிர்கால வெப்பத்தில் பிரிட்டனுக்கே சாதனையாகிப் போனது. இதை ஒரு சாதகமான அறிகுறியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபிஸின் மஞ்சள், ஆம்பர், சிவப்பு எச்சரிக்கைகளை நம் கூண்டு எண்ணைப் போலப் படிக்கக் கூடாது. பாதிப்பு எவ்வளவு, நடக்க வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்தே நிறம் தீர்மானிக்கப்படுகிறது என்பதால், கடும் பாதிப்பு வரக்கூடும் ஆனால் வாய்ப்பு குறைவு என்றாலும் மஞ்சளே வரும். எச்சரிக்கையைத் திறந்து இந்த இரண்டையும் காட்டும் உள்ளேயிருக்கும் கட்டத்தைப் பாருங்கள்.

பனி விழுந்த பின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காரின் மேலோ மதில் ஓரத்திலோ அளக்காமல், காற்று குவிக்காத சமதரையில் மூன்று இடத்தில் ஸ்கேலை நட்டுச் சராசரி எடுக்கச் சொல்ல வேண்டும். அன்றைய காற்றுத் திசை, 850 மட்டத்தின் வெப்பநிலை, பனிப்புள்ளி ஆகியவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கணித்தபடி விழாமல் மழையாகப் போனால், அவர்கள் தெரு கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று கேளுங்கள். லீட்ஸ் போன்ற ஊரில் நகர மையத்தில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே மேட்டுப்பகுதித் தெருக்களில் பனி படிந்திருக்கும்.